சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கு இருக்கிற உரிமை எங்களுக்கு ஏன் இல்லை?

மக்களவையின் மாண்புமிகு உறுப்பினர்களுக்கு,

2024 ஏப்ரலில், ஜொகூர் ஃபாரஸ்ட் சிட்டியில் நாட்டின் இரண்டாவது கேசினோவைத் திறக்கப் பேச்சு நடக்கிறது என்று வெளிநாட்டு ஊடகம் ஒன்று செய்தி போட்டது. அது பொய் என்று பிரதமர் மறுத்தார். பேச்சில் கலந்துகொண்டதாகச் சொல்லப்பட்ட தொழிலதிபர்களும் மறுத்தார்கள். சில நாள்களுக்கு எங்கு பார்த்தாலும் அதே பேச்சுதான். வராத கேசினோவுக்கு இவ்வளவு கொந்தளிப்பு. 1971 முதல் கெந்திங் மலையில் நடந்துகொண்டிருக்கும் கேசினோவைப் பற்றி, அங்கே போய்வரும் குடிமக்களின் வீட்டில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி, அந்த நாள்களில்கூட ஒருவரும் பேசி நான் கேட்கவில்லை. பட்ஜெட் சமயத்தில் மட்டும் அந்தப் பெயர் அடிபடும். அதுவும் எவ்வளவு வரி கிடைக்கும் என்ற கணக்குக்காக.

கேசினோவை மூடச் சொல்லி நான் எழுதவில்லை. மூடமாட்டீர்கள் என்பது தெரியும். மூடினால் அங்கே வேலை செய்யும் ஆயிரக்கணக்கானவர்கள், அவர்களில் எங்கள் தமிழ்ப் பிள்ளைகளும் நிறைய, எங்கே போவார்கள் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நானும் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கேபிள் காரில் ஏறியவள்தான். மேலே பனி மூட்டத்தில் நின்று பிளாஸ்க்கில் கொண்டுபோன தேநீரைக் குடித்தவள்தான். அந்த மலைமேல் எனக்கு எந்தப் பகையும் கிடையாது. நான் கேட்பது ஒரு சட்டம், குடும்பத்தார் கேட்டால் சூதாடுகிறவரைக் கேசினோ வாசலிலேயே நிறுத்துகிற சட்டம். இந்த மலைக் கேசினோவை நடத்தும் அதே கெந்திங் நிறுவனம் சிங்கப்பூரில் தினமும் கீழ்ப்படிந்து நடக்கிற ஒரு சட்டம்.

அதைச் சொல்வதற்கு முன்னால் அந்த நிறுவனம் வளர்ந்த கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். உங்கள் அவைக்கும் அதில் பங்கு உண்டு.

கெந்திங்கைத் தொடங்கிய லிம் கோ தோங் 1918-இல் சீனாவின் ஃபூஜியன் மாநிலத்தில் பிறந்தவர், 1937-இல் மலாயாவுக்கு வந்தவர். பழைய இயந்திரங்களை வாங்கி விற்று, குத்தகை வேலை எடுத்து முன்னுக்கு வந்தார். 1960-களின் நடுவில் கேமரன் மலை நீர்மின் திட்டத்தில் வேலை நடந்துகொண்டிருந்தபோது, கோலாலம்பூருக்குப் பக்கத்திலேயே குளுகுளுவென்று ஒரு மலைவாசத்தலம் இருந்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. 1965-இல் நிறுவனத்தைப் பதிந்தார். உடன் சேர்ந்த பங்காளி யார் தெரியுமா? டான் ஸ்ரீ முகமட் நோவா ஓமார், உங்கள் மக்களவையின் முதல் சபாநாயகர். துன் அப்துல் ரசாக், துன் உசேன் ஓன் என்று இரண்டு பிரதமர்களுக்கு மாமனார். பகாங்கிலிருந்து சுமார் 12,000 ஏக்கர், சிலாங்கூரிலிருந்து சுமார் 2,800 ஏக்கர் நிலம் கிடைத்தது. கெந்திங் செம்பாவிலிருந்து உலு காலி மலைக்குக் காட்டை வெட்டிப் பாதை போடவே நாலு வருஷம் பிடித்தது. அந்த உழைப்பை யாரும் குறைத்துப் பேச முடியாது.

1969 மார்ச் 31-ஆம் தேதி அன்றைய பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் மலைக்குப் போய் ஹோட்டலுக்கு அடிக்கல் நாட்டினார். அரசாங்கக் காசு இல்லாமல் ஒரு தனியார் இத்தனை தூரம் பாதை போட்டு வந்திருக்கிறாரே என்று அவருக்கு வியப்பு. ஆள் நடமாட்டமே இல்லாத இந்த இடம் பிழைத்துக்கொள்ளட்டும் என்ற எண்ணத்தில்தான் கேசினோ உரிமம் பற்றிய பேச்சு வந்தது. அதே ஆண்டு உரிமமும் வந்தது. 1971 மே 8-ஆம் தேதி 200 அறைகளோடு முதல் ஹோட்டல் திறந்தது. நாட்டில் சட்டப்படி நடக்கும் ஒரே கேசினோ அன்றும் அதுதான், இன்றும் அதுதான்.

சரி, அதற்கப்புறம் என்ன ஆனது? 200 அறை ஹோட்டல் இருந்த மலையில் இப்போது ஃபர்ஸ்ட் வேர்ல்ட் ஹோட்டல் ஒன்றில் மட்டும் 7,351 அறைகள். நிறுவனம் செம்பனைத் தோட்டங்கள் வாங்கியது, மின்சார உற்பத்தியில் இறங்கியது, கப்பல் விட்டது. பிரிட்டனில் கேசினோக்கள், 2010-இல் சிங்கப்பூர் செந்தோசா, 2011-இல் நியூயார்க், 2021-இல் லாஸ் வேகாஸ். ஓர் ஆளில்லாத மலை பிழைப்பதற்காகக் கொடுத்த சலுகை உலகத்தையே சுற்றி வந்துவிட்டது. ஒரு மலேசியராக எனக்கு அதில் பெருமைகூட உண்டு. ஆனால் அன்றைக்கு உரிமம் கொடுத்ததற்கு என்ன காரணம் சொன்னார்களோ, அந்தக் காரணம் எப்போதோ தீர்ந்துபோய்விட்டது. உரிமம் தொடர்கிறது. அதைத் தாங்கி நிற்பது 1953-ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்ட இல்லங்கள் சட்டம், வெள்ளைக்காரன் காலத்தில் எழுதியது. சந்தில் பாய் விரித்துச் சூதாடுகிறவர்களைப் பிடிப்பதற்காக எழுதிய சட்டம் அது. சூதாடுகிறவனின் மனைவிக்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

இப்போது சிங்கப்பூருக்கு வருகிறேன்.

அங்கே கேசினோ வேண்டுமா வேண்டாமா என்று நாடே விவாதித்தது. கடைசியில் 2005-இல் அரசு சரி என்றது. அதே ஆண்டு சூதாட்டப் பிரச்சினைக்கென ஒரு தேசிய மன்றத்தை அமைத்தார்கள். 2006-இல் கேசினோ கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. செந்தோசாவில் முதல் மேசை திறந்தது 2010 பிப்ரவரி 14-ஆம் தேதி. முதல் ஆட்டக்காரர் உள்ளே கால் வைப்பதற்கு நாலு வருஷத்துக்கு முன்பே குடும்பத்தைக் காக்கும் சட்டம் தயாராக இருந்தது.

அந்தச் சட்டம் என்ன சொல்கிறது? சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே போக வேண்டுமானால் 24 மணி நேரத்துக்கு நுழைவு வரி கட்ட வேண்டும். தொடக்கத்தில் 100 சிங்கப்பூர் வெள்ளி, 2019-இலிருந்து 150. நம் பணத்தில் சுமார் 500 வெள்ளி. ஜெயித்தாலும் தோற்றாலும் அது திரும்பி வராது. திவாலானவர்களுக்கும் அரசாங்க உதவிப் பணத்தில் வாழ்கிறவர்களுக்கும் நுழைய அனுமதியே இல்லை. கேசினோவுக்குள் பணம் எடுக்கும் இயந்திரம் வைக்கக்கூடாது. உள்ளூர்க்காரர்களுக்குக் கடன் கொடுத்து விளையாட வைக்கக்கூடாது, பெரிய தொகையை முன்பணமாகக் கட்டிய பணக்காரர்களுக்கு மட்டும்தான் விலக்கு. குடியிருப்புப் பேட்டைகளுக்கு பஸ் விட்டு ஆள் ஏற்றியதைக்கூட 2010-இலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். நம் ஊர்களிலிருந்து மலைக்குப் புறப்படும் பஸ்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

இவற்றையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது ஒன்று. குடும்பத்தார் கேட்கும் தடை. மனைவி, கணவன், பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தவர், யார் வேண்டுமானாலும் அந்த மன்றத்துக்கு மனு போடலாம். ஒரு குழு இரண்டு பக்கமும் விசாரிக்கும். இந்த ஆளின் சூதாட்டத்தால் குடும்பத்துக்குக் கேடு என்று அந்தக் குழுவுக்குப் பட்டால் கேசினோ வாசலிலேயே அவர் பெயரைத் தடுத்துவிடும்.

என் சித்தி மகள் சிங்கப்பூரில் குடியுரிமை பெற்றவள். அவள் மனு போட்டாள். புருஷனையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவருக்கு மானம் போய்விட்டது என்று ஒரே கோபம், மாதக்கணக்கில் அவளோடு பேசவில்லை. ஆனால் தடை வந்தது. அங்குள்ள இரண்டு கேசினோக்களிலும் அவரால் நுழைய முடியவில்லை. மனுஷன் திருந்திவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன், கைப்பேசியில் எதையாவது அழுத்திக்கொண்டிருக்கிறாரோ என்னவோ. வீட்டுத் தவணைப் பணம் அந்த வாசல் வழியாகப் போவது மட்டும் நின்றது.

இங்கே, கிள்ளானில், என் தம்பி லோரி ஓட்டுகிறான். அவன் எந்த மேசையில் எவ்வளவு விட்டான் என்று எழுதப்போவதில்லை. கையைப் பிடித்து யாரும் இழுக்கவில்லை, தானாகப் போனான், குற்றம் அவனுடையது. முதல் தடவை கூட்டாளிகளோடு போய் ஜெயித்துவிட்டு வந்தான் பாருங்கள், அதுதான் வினை. பிறகு மனைவியின் தாலிக்கொடி அடகுக்கடைக்குப் போனது. 2024-இல் ஊழியர் சேமநிதியில் நினைத்தபோது எடுத்துக்கொள்ளும் புதிய கணக்கு வந்ததும் அதில் இருந்ததைத் துடைத்தெடுத்தான். அதுவும் போதாமல் ஆலோங்கிடம், அதாவது உரிமமில்லாமல் வட்டிக்கு விடுகிறவர்களிடம், கடன் வாங்கினான். அவன் குடியிருப்பது வேறு இடம். சிவப்புச் சாயம் ஊற்றியதோ எங்கள் அம்மா வீட்டுக் கேட்டில். அவனுடைய அடையாள அட்டையை நகலெடுத்துத் தெரு விளக்குக் கம்பத்தில் ஒட்டிவிட்டுப் போனார்கள். அம்மா இரண்டு வாரம் கோயிலுக்குக்கூடப் போகவில்லை.

தம்பி மனைவியும் நானும் சும்மா இருக்கவில்லை. காவல் நிலையம் ஒன்றுக்குப் போனோம். ஆலோங் மேல் புகார் எடுத்துக்கொண்டார்கள். அவன் போவதைத் தடுக்க முடியுமா என்று கேட்டதற்கு அந்த அதிகாரி, "அவர் வயது வந்தவர். போகிற இடமும் உரிமம் உள்ள இடம். நாங்கள் என்னம்மா செய்வது?" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை, சட்டப்படி அவரால் ஒன்றும் செய்ய முடியாதுதான். ஆலோசனை மையம் ஒன்றில் கேட்டோம். ஆளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், பேசலாம் என்றார்கள். கூப்பிட்டால் வருகிற ஆளாக இருந்தால் நாங்கள் ஏன் அங்கே போய் நிற்கிறோம்? என்னை உள்ளே விடாதீர்கள் என்று ஆட்டக்காரனே எழுதிக் கொடுப்பது ஒரு வழி என்றார் இன்னொருவர். அதற்கும் அவன் கையெழுத்துதான் வேண்டும். எங்கள் கையெழுத்துக்கு இந்த நாட்டில் மதிப்பில்லை.

யாரை உள்ளே விடுவது என்று பார்ப்பது நடைமுறைக்கு ஒத்துவராது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த வாசலில் இன்றைக்கும் ஆள் பார்த்துத்தான் விடுகிறார்கள். 21 வயது ஆகாதவர்கள் நுழையக்கூடாது. முஸ்லிம்கள் நுழையக்கூடாது என்ற அறிவிப்பும் உண்டு. ஒரு சமூகத்தின் குடும்பங்களுக்குக் கேடு வரக்கூடாது என்று அரசு வாசலிலேயே ஒரு கோடு போட்டிருக்கிறது. அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை, நல்லதுதான். மற்ற சமூகத்துப் பெண்ணொருத்தி, என் வீட்டுக்காரரையும் அந்தக் கோட்டுக்கு வெளியே நிறுத்துங்கள் என்று கெஞ்சினால் ஏன் முடியாது? எங்கள் வீட்டுச் சம்பளம் என்ன வேறு சம்பளமா?

நாங்கள் இப்படிக் கேட்பது புதிதும் இல்லை. 1941-இல் இதே கிள்ளான் வட்டாரத்தில் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் ஒன்று, தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பது. கூலி உயர்வோடு சேர்த்துக் கேட்டார்கள். கையில் வருகிற கூலி வீடு போய்ச் சேர வேண்டுமே என்ற கவலை. போர் முடிந்ததும் கெடாவில் கள்ளை எதிர்த்துத் தொண்டர் படை கிளம்பியது. 1947-இல் பீடோங் பக்கம் கள்ளுக்கடை எதிர்ப்பில் இறங்கியவர்களைப் போலீஸ் எப்படி நடத்தியது என்பதை உங்கள் தொகுதிப் பெரியவர்களிடம் கேட்டால் இன்னும் சொல்வார்கள். குடிக்காதே என்று ஆம்பிளைக்குப் புத்தி சொல்வதோடு அந்த மக்கள் நிற்கவில்லை. கடைக்கு அனுமதி கொடுத்தவனையும் நிர்வாகத்தையும் கேள்வி கேட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தோட்டத்துச் சனத்துக்கு அன்றைக்கே பிடிபட்ட கணக்கு அது.

வரி விஷயத்துக்கு வருகிறேன். 2019 பட்ஜெட்டில் கேசினோ வரியை 35 விழுக்காடு வரைக்கும் உயர்த்தினீர்கள். ஆண்டு உரிமக் கட்டணம் 12 கோடி வெள்ளியிலிருந்து 15 கோடி வெள்ளி ஆனது. நிறுவனத்தின் பங்கு விலை என்ன ஆகும் என்று பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. அந்த வரி யார் பணம்? வெளிநாட்டுப் பயணிகளின் பணமும் இருக்கும், மறுக்கவில்லை. கிள்ளான் லோரிக்காரன் பணமும் அதில் இருக்கிறது. அதிலிருந்து ஒரு துளியாவது பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கென்று தனியாக ஒதுக்கியிருக்கிறீர்களா? பொதுக் கணக்கில் போய்ச் சேர்ந்து சாலையாகவும் சம்பளமாகவும் மாறிவிடுகிறது. சாலை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை.

நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்பதும் ஓரளவு தெரியும். கெடுபிடி செய்தால் கைப்பேசிச் சூதாட்டத்துக்கும் கம்போடியாவிலுள்ள கேசினோக்களுக்கும் போய்விடுவார்கள் என்பீர்கள். சிலர் போவார்கள். கைப்பேசிச் சூது இதைவிடக் கொடியது, அதற்குத் தனியாகவே ஒரு மடல் எழுத வேண்டும். சட்டத்துக்குப் புறம்பாக நடப்பதை உங்களால் பிடிக்க முடியவில்லை என்பதற்காக, சட்டப்படி நடக்கும் ஒரே இடத்திலும் கட்டுப்பாடு வேண்டாம் என்பது என்ன நியாயம்? இன்னொன்று, வருமானம் குறையும் என்பீர்கள். சிங்கப்பூரில் நுழைவு வரி, குடும்பத் தடை எல்லாம் இருந்தும் அதே நிறுவனம் அங்கே இத்தனை வருஷமாகக் கடை நடத்திக்கொண்டுதானே இருக்கிறது? போதாக்குறைக்கு விரிவாக்கமும் செய்கிறது. நிறுவனத்தைக் கெட்டவர்களாகக் காட்டுவது என் நோக்கம் இல்லை. எந்த நாட்டில் என்ன சட்டமோ அதன்படி அவர்கள் நடக்கிறார்கள். அங்கே சட்டம் இருக்கிறது, இங்கே இல்லை. சட்டம் போடுவது உங்கள் வேலை.

ஆகவே நான் கேட்பவை இவை.

குடும்பத்தார் மனு போட்டுத் தடை கோரும் உரிமையைச் சட்டமாக்குங்கள். மனுவை விசாரிக்க நிறுவனத்தைச் சேராத ஒரு குழு வேண்டும். மனு போடுகிற பெண் கோலாலம்பூருக்கு அலையாமல் மாவட்ட அளவிலேயே அதைக் கொடுக்க முடிய வேண்டும். தமிழிலும் சீனத்திலும் எழுதிக் கொடுக்கலாம் என்று இருக்க வேண்டும். அவசரமான வீடுகளுக்கு, விசாரணை முடியும்வரை இடைக்காலத் தடையும் வேண்டும். சாயம் ஊற்றுகிறவர்கள் குழு கூடும்வரை காத்திருப்பதில்லை.

மலேசியர்களுக்கு நுழைவு வரி விதியுங்கள். 500 வெள்ளி அதிகம் என்று பட்டால் குறைவாகத் தொடங்குங்கள், ஆனால் யோசிக்க வைக்கிற தொகையாக இருக்கட்டும். அந்த வரியில் வரும் பணம் முழுவதையும் ஒரு தனி நிதியில் போட்டு, சூதாட்ட அடிமைத்தனத்துக்குச் சிகிச்சையும் ஆலோசனையும் எல்லா மொழிகளிலும் கிடைக்கச் செய்யுங்கள். நிதி எப்படிச் செலவாகிறது என்ற கணக்கை ஆண்டுதோறும் உங்கள் அவையில் வையுங்கள். திவாலானவர்களையும் சமூகநல உதவி வாங்குகிறவர்களையும், யாரும் மனு போடாமலே தடைப்பட்டியலில் சேருங்கள். உள்ளூர்க்காரர்களுக்குக் கடனில் ஆட இடம் கொடுக்கவே கூடாது என்று எழுதுங்கள்.

சட்டம் வர நாளாகும் என்று எனக்கும் தெரியும். கேசினோ உரிமம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. புதுப்பிப்பது நிதியமைச்சு. குடும்பத் தடையை உரிமத்தின் ஒரு நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும் என்று அமைச்சு நினைத்தால் அடுத்த புதுப்பிப்புக்கே பேச்சைத் தொடங்கலாம். அடுத்த கூட்டத்தொடரின் கேள்வி நேரத்தில் உங்களில் ஒருவராவது எழுந்து, சேர்ப்பீர்களா மாட்டீர்களா, சேர்க்காவிட்டால் என்ன காரணம் என்று நிதியமைச்சரைக் கேளுங்கள். எழுத்துமூலப் பதில் வாங்கி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
கிள்ளானிலிருந்து ஒரு வாக்காளர்